ஆயுத பூஜைக்குத் தேய்த்த துப்பாக்கி

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் தோஷமில்லை என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். திருமலைசாமி. கோயமுத்தூர் கணபதியில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால், "ஹோனிங் திருமலைசாமியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பம்பானாலும் சரி, வண்டி இன்ஜினானாலும் சரி, அதன் வயிற்றுக்குள் உருண்டையாக ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையின் உள்சுவரைக் கல் வைத்துத் தேய்த்து, மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக, முகம் பார்க்கும்படி மழமழவென்று ஆக்கிக் கொடுப்பதுதான் ஹோனிங். ஊரில் மற்றவர்களுக்கு நிலத்திலிருந்தும் தறியிலிருந்தும் சோறு வந்தது. எங்களுக்கு ஓட்டையிலிருந்து வந்தது.

தொழில் மனுஷனை விடாது. எதைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் உள்ளேதான் பார்ப்பார். எங்கள் கல்யாணத்தில் என் அப்பா சீராகக் கொடுத்த பித்தளைக் குடத்துக்குள்கூட மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார் என்று என் தங்கைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குடம் ஓட்டை என்று நினைத்தாரோ என்று என் அப்பா பயந்துபோனாராம். அப்படி ஒன்றும் இல்லை. உள்ளே ஈயம் பூசியவன் அரைகுறையாக விட்டிருந்தான், அதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள், கயல்விழி. காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து, அங்கே துப்பாக்கி பிடிக்கக் கற்றாள். சூலூர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற பிரான்சிஸ் என்பவர் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்பில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் இவளைப் பார்த்துவிட்டு, கண்ணும் மூச்சும் இவளுக்கு ஒன்றாக நிற்கிறது, விடாதீர்கள் என்று எங்கள் வீடு தேடி வந்து சொன்னார். பொம்பளைப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று சொந்தத்தில் கேட்காத வாய் இல்லை. நானும் கேட்டேன். இவர் ஒருவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. டவுனுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய், புத்தம் புது ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார். நம்நாட்டில் செய்ததுதான். குழலை நடுவில் மடக்கி, சின்ன ஈயக் குண்டை வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். கேட்டது மகள். அதற்கு மேல் அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

கடையிலேயே குழலை மடக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்திருக்கிறார். பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. குழலின் உள்ளே புரி புரியாக வரி ஓடும். குண்டு அதைப் பிடித்துக்கொண்டு சுழன்றுபோனால்தான் நேராகப் போகும். அந்த வரிகளுக்கு நடுவே வரி வெட்டிய கத்தியின் தடமெல்லாம் அப்படியே கிடந்ததாம். குச்சியில் பஞ்சைச் சுற்றி விட்டால், பாதிப் பஞ்சு உள்ளேயே மாட்டிக்கொண்டது. கடைக்காரரிடம் வேறு ஒன்று காட்டச் சொல்ல, அதுவும் அதே லட்சணம். "செஞ்சவன் முடிக்காமயே டப்பாவுல போட்டு அனுப்பிப்போட்டான்" என்று வீடு வந்து சேரும் வரைக்கும் முனகிக்கொண்டே இருந்தார். அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோய்த் தேய்த்து முடித்துவிட வேண்டும் என்று அவருக்குக் கை துறுதுறுத்தது.

கயல் விடவில்லை. முதலில் பிரான்சிஸ் சாரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று எடுத்துப் போனாள். அன்றைக்குச் சுட்ட குண்டுகள் அட்டையில் சோளப்பொரி இறைத்த மாதிரி விழுந்தன. ஆனால் சார் பதறவில்லை. புதுத் துப்பாக்கி இப்படித்தான் இருக்கும், சுட்டுக்கொண்டே இரு, ஈயம் மெத்தென்ற சமாச்சாரம், போகப் போக அந்தப் பள்ளத்தையெல்லாம் அதுவே அடைத்துக்கொள்ளும், அது வரைக்கும் உள்ளே யாரும் கைவைக்கக் கூடாது, துடைக்கக்கூடத் துடைக்காதே என்று சொல்லி அனுப்பினார். அவள் வந்து அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தாள்.

இவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. இத்தனை வருஷமாக ஓட்டைக்குள்ளேயே குடியிருக்கிற மனுஷனிடம், ஓட்டையைத் தொடாதே என்று ஒருவர் சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்? ஏரோப்பிளேனில் இருந்தவருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று என்னிடம் சொல்லிக் கொஞ்ச நேரம் குமைந்தார். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சரி கண்ணு என்று விட்டுவிட்டார்.

சார் சொன்னதுதான் நடந்தது. கோடை முழுக்க அவள் சுட்டாள். பங்குனியில் பொரியாக இறைந்தது, ஆனியில் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியது. ஆடி பிறந்தபோது ஒரு ரூபாய்க் காசை வைத்து மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கமாக ஓட்டைகள் விழுந்தன. அந்த அட்டைகளைக் கொண்டுவந்து அப்பாவிடம்தான் முதலில் காட்டுவாள். அவர் அட்டையைப் பார்த்துச் சிரிப்பார், அவள் அந்தப் பக்கம் போனதும் துப்பாக்கியை மடக்கி உள்ளே பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவார். உள்ளே கரேலென்று ஈயம் அப்பிக் கிடந்தது. பல் விளக்காத வாயைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார். அவள் நன்றாகச் சுடுகிறாளே என்றால், இதை வைத்தே இப்படிச் சுடுகிறாள், சரியாக முடித்த குழலைக் கொடுத்தால் எப்படிச் சுடுவாள், அதை யோசி என்று என்னையே மடக்குவார். எனக்கும் அது நியாயமாகத்தான் தெரிந்தது.

ஆவணியில் பல்லடத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பெயர் வெங்கடபதி. கோழிப்பண்ணை, தோட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். எனக்கும் அவருக்கும் பிடித்துப்போயிற்று. கயல் அழவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை. அவள் என் வயிற்றில் பிறந்திருந்தாலும் பேரம் பேசுவதில் அவள் அப்பாவின் அம்மா மாதிரி. விஜயதசமி அன்றைக்குக் கிளப்பில் ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், டீமில் போனால் ரயில்வேயில் வேலைக்கு எடுப்பார்கள் என்று சார் சொல்கிறார் என்றும் நிதானமாகச் சொன்னாள். பிறகு அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"என்னை எடுத்துட்டாங்கன்னா ஒரு வருஷத்துக்கு இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாதுங்கப்பா. எடுக்கலைன்னா நீங்க கை காட்டுற எடத்துல கழுத்தை நீட்டுறேனுங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். பல்லடத்துக்காரர்களிடம் விஜயதசமி கழியட்டும் என்று சொல்லியனுப்பினோம். நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று அவருக்குக் கவலை இருந்தது உண்மை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. சாப்பிடும்போது, படுக்கும்போது, பையன் தங்கமான பையன், தங்கமான பையன் என்று அவர் சொன்னது அவள் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்குத் தீபாவளி இரண்டாம் பட்சம்தான். வருஷம் முழுக்க எண்ணெயும் கரியுமாகக் கிடக்கிற மெஷினெல்லாம் அன்றைக்கு மண்ணெண்ணெயில் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ஒரு ஸ்பேனர்கூட அழுக்கோடு சாமி முன்னால் போகக் கூடாது. சாயங்காலம் பூஜையில் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமிக்கு எடுக்கிற வரைக்கும் ஒரு ஆயுதத்தையும் தொடக் கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

கயல் தன் துப்பாக்கியையும் பூஜையில் வைக்கும்படி காலையிலேயே அவரிடம் கொடுத்துவிட்டு, பூவும் பொரியும் வாங்க டவுனுக்குப் போனாள். நான் சுண்டலுக்கு அடுப்பு மூட்டியிருந்தேன். மெஷின்களையெல்லாம் துடைத்து முடித்துவிட்டு, அவர் துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்தார். வெளியே எண்ணெய் போட்டுத் துடைத்தார். பிடிக்கட்டையை மெருகேற்றினார். பிறகு, பழக்கதோஷம், மடக்கி உள்ளே பார்த்தார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மெல்லிசான கம்பி ஒன்றின் நுனியில் துணியைச் சுற்றி, வால்வு தேய்க்கிற பேஸ்டைத் தடவி, உள்ளே விட்டு இழுக்க ஆரம்பித்தார். கரிக்கட்டி மாதிரி ஈயம் வந்து விழுந்தது. துணியை மாற்றினார், மறுபடி இழுத்தார். அவளுக்குத் தெரியுமா என்று நான் குரல் கொடுத்தேன். நாளைக்குக் காலையில் தெரிந்துகொள்வாள், நீ சுண்டலைக் கருக விடாதே என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவருக்குப் பாட்டு வராது, ஆனாலும் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே தேய்த்தார். மகளுக்குச் சட்டை தைக்கிற தாயைப் போலத்தான் இருந்தது எனக்கு. கெடுக்க நினைக்கிறவன் முனகிக்கொண்டு தேய்ப்பானா? இதை நான் பின்னால் எத்தனையோ தடவை கயலிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

குழலின் வாய்ப்பக்கம் வரும்போது கம்பி கொஞ்சம் இறுகியதாம். அங்கே மயிரிழை அளவு குறுகலாக இருந்திருக்கிறது. ஓட்டை என்றால் மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு வேதவாக்கு. இன்ஜினுக்கும் பம்புக்கும் அதுதான் சரி. செய்தவன் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டான் என்று நினைத்து, அந்த இடத்தில் கூடுதலாக உட்கார்ந்து தேய்த்து, கம்பி தடையில்லாமல் போய்வரும்படி செய்துவிட்டார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே வெள்ளி மாதிரி ஜொலித்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கயல் வருவதற்குள் சந்தனம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் மற்ற ஆயுதங்களோடு வைத்துவிட்டார். சாமி முன்னால் வைத்ததை அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பூஜையிலிருந்து எடுத்துக்கொண்டு நானும் அவளும் கிளப்புக்குப் போனோம். பட்டறையில் விஜயதசமிக்கு முதல் வேலை தொடங்க வேண்டியிருந்ததால் அவர் வரவில்லை. போகும்போது வாசல் வரை வந்து, "இன்னிக்கு உன் கையில வித்தியாசம் தெரியும், பாரு கண்ணு" என்றார். அவள் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

போட்டிக்கு முன்னால் குறி சரிபார்க்கச் சில குண்டுகள் சுட விடுவார்கள். நான் பின்னால் பெஞ்சில் மற்ற தாய்மாரோடு உட்கார்ந்திருந்தேன். அவள் முதலில் சுட்டது அட்டையின் இடது ஓரத்தில் விழுந்தது. அடுத்தது கீழே, வலது பக்கம். குறிபார்க்கும் திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி சுட்டாள். அது அட்டையிலேயே படவில்லை. அப்போதுதான் அவள் துப்பாக்கியை மடக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன முகம் காட்டினேனோ தெரியாது.

பிரான்சிஸ் சார் வந்து வாங்கிப் பார்த்தார். ஒரு குண்டை எடுத்து வாய்ப்பக்கம் வைத்தார். அது தொளதொளவென்று உள்ளே நழுவியது. யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன். கிளப் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, அதில் சுடு என்றார். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். என் குணம் அப்படியே அவளிடம் இறங்கியிருக்கிறது. கோபம் வந்தால் எங்களுக்கு நஷ்டக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. சுட வேண்டிய அத்தனை குண்டையும் அந்தத் துப்பாக்கியிலேயே, அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, மூச்சுப் பிடித்துச் சுட்டாள். எல்லாம் கண்ட இடத்தில் போய் விழுந்தன. வந்தவர்களில் கடைசி ஆளாக வந்தாள். ஆனியில்தான் துப்பாக்கி பிடிக்கப் பழகிய பெண்ணொருத்தி டீமுக்குப் போனாள்.

டவுன் பஸ்ஸில் வரும்போது துப்பாக்கி அவள் மடியில் கிடந்தது. நான் பேசப் பேச அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அவர் ஜாங்கிரி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, கண்ணாடி மாதிரி இருந்ததா என்று சிரித்தபடி கேட்டார். அவள் துப்பாக்கியைப் பட்டறை மேஜை மேல் வைத்தாள்.

"நான் ஜெயிக்கக் கூடாதுன்னுதான தேச்சீங்கப்பா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. கடைசியாக வந்தாள் என்பதை நான்தான் சொன்னேன். அவர் துப்பாக்கியை மடக்கி உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. தெரியாமல் செய்துவிட்டேன் கண்ணு என்று சொல்லியிருந்தால், இரண்டு நாள் அழுதிருப்பாள், மூன்றாம் நாள் சோறு போடச் சொல்லியிருப்பாள். ஆனால் பட்டறைக்குள், தன் மெஷின்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, தன் கை ஓர் ஓட்டையைக் கெடுத்துவிட்டது என்று அந்த மனுஷனால் நம்பவே முடியவில்லை.

"குழலுக்குள்ள ஒரு குத்தமும் இல்லை. குத்தம் இருந்தா புடிச்ச கையிலதான் இருக்கோணும்" என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, எங்கள் வீட்டில் அன்றைக்குக் குரங்காக முடிந்த பிறகும் அவர் அதைப் பிள்ளையார் என்றே சாதித்தார்.

அன்று முழுக்க நான் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தேன். சமையலறையில் அவளைப் பிடித்து உட்கார வைத்து, உங்கப்பா ஆசையாகச் செய்தது, அவருக்குத் தெரியவில்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அவள் சத்தம் போடாமல்தான் பதில் சொன்னாள்.

"அப்பா கை தப்புப் பண்ணாதும்மா. ஊரே சொல்லுது. தெரியாமச் செஞ்சுபோட்டாருன்னு என்னைய நம்பச் சொல்றீங்களா? பல்லடம் போயிருமோன்னு அவருக்குப் பயம், அவ்வளவுதான்."

சின்ன வயதிலிருந்து அப்பாவின் கையைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமை. பள்ளிக்கூடத்தில்கூட அதையே பேசுவாள். அந்தப் பெருமையே இப்போது அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றது. கொஞ்சம் மட்டமான தொழிலாளியாக இருந்திருந்தால் என் புருஷன் தப்பித்திருப்பார்.

கொடுத்த வாக்குப்படி அவளே பல்லடத்துக்குச் சம்மதம் சொன்னாள். இப்போது அவருக்கு அவசரமில்லை. இன்னொரு வருஷம் பார்க்கலாம், வேறு துப்பாக்கி வாங்கலாம் என்று என் வழியாகச் சொல்லிவிட்டார். உறுத்துகிறது போலிருக்கிறது என்று அவள் சிரித்தாள். அவர் என்ன செய்தாலும் அது அவருடைய குற்றத்துக்கு இன்னொரு சாட்சியாகவே ஆனது. தை மாதம் கல்யாணம் நடந்தது. வெங்கடபதி நல்ல பையன்தான், அதில் நாங்கள் ஏமாறவில்லை. கயலும் சிரித்த முகத்தோடுதான் போனாள். அப்பாவிடம் மரியாதைக்குக் குறைவில்லை, பேச்சுக்கும் குறைவில்லை. முன்பு இருந்த ஒன்று மட்டும் இல்லை. அது இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

அவள் போன பிறகு துப்பாக்கி பட்டறை மூலையில் கிடந்தது. பங்குனியில் ஒருநாள் அவர் அதை எடுத்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் அசையாமல் கட்டி, எதிர்ச் சுவரில் அட்டை வைத்துச் சுட்டார். பிடித்த கையில் குற்றமா, குழலில் குற்றமா என்று பார்க்க வேண்டும் அவருக்கு. இப்போது பிடித்த கை இல்லை, இரும்பு வைஸ்தான் இருந்தது. குண்டுகள் கண்டபடி போயின. அன்று சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

அதோடு விடவில்லை. அதே மாதிரி இன்னொரு புதுத் துப்பாக்கி வாங்கிவந்தார். அதுவும் உள்ளே சொரசொரப்புதான். இந்தத் தடவை உள்ளே கை வைக்காமல், வைஸில் கட்டி, தினமும் வேலை முடிந்ததும் சுட்டுக்கொண்டே இருந்தார். இந்த வயதில் குருவி சுடப் பழகுகிறீர்களா என்று நான் கேலி செய்தேன், அவர் சிரிக்கவில்லை. வைகாசியில் அதன் குண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழ ஆரம்பித்தன. அப்புறம் அந்தத் துப்பாக்கியையும், ஆயுத பூஜையன்று செய்த மாதிரியே, அதே பேஸ்ட் போட்டு, வாய்ப்பக்கக் குறுகலையும் சேர்த்துத் தேய்த்தார். மறுபடி கட்டிச் சுட்டார். அட்டையில் ஓட்டைகள் திசைக்கொன்றாகத் தெறித்திருந்தன.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். வேலை நேரத்தில் அவர் அங்கே வருவதில்லை.

"அம்மணி, நான்தான் கெடுத்துப்போட்டேன். அந்தக் குறுகல் வேணும்னே வெச்சதாட்ட இருக்குது. குண்டை இறுக்கிப் புடிச்சு அனுப்பறதுக்கு. நான் தப்புன்னு நெனச்சேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அவர்மேல் கோபம் போயிற்று. அது வரைக்கும் இருந்தது. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆடி பிறக்கப்போவதால் மகளை அழைக்கப் பல்லடம் போனோம். அவர் தேய்ப்பதற்கு முன் சுட்ட அட்டை, பின் சுட்ட அட்டை இரண்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். மருமகன் தீவனம் ஏற்றப் போயிருந்தார். கயல் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து காபி கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவர் அட்டைகளை எடுத்து அவள் முன்னால் விரித்தார். எல்லாவற்றையும் சொன்னார். வைஸில் கட்டியது, சுட்டது, தேய்த்தது, மறுபடி சுட்டது. பேச்சு தட்டித் தடுமாறியது. இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்குத் தெரியலை கண்ணு. தெரியாமத்தான் செஞ்சுபோட்டேன்."

கயல் அட்டைகளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியது. எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

"எனக்காக எதுக்குங்கப்பா இத்தனை மெனக்கெட்டீங்க? நீங்க தெரியாதவராட்ட என் முன்னால நிக்க வேண்டாமுங்க. என் நல்லதுக்குன்னு நெனச்சுத்தான செஞ்சீங்க. நான் எப்பவோ மன்னிச்சுப்போட்டேனுங்கப்பா" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவர் தரையைப் பார்த்தபடியே, சும்மா இரு என்பதுபோல் என் பக்கம் கையைக் காட்டினார்.

"சரி கண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் முகம் தெளிந்துவிட்டது. பழையபடி சிரித்துப் பேசினாள். கோழி நோய் பற்றிச் சொன்னாள், அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். ஆடி முதல் தேதி வருகிறேன் என்றாள். பஸ் ஏறும்போது பின்னாலேயே வந்து, அப்பா சட்டை காலரை மடக்கிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தினமும் செய்கிற வேலை அது.

சூலூர் தாண்டும் வரைக்கும் நான் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. செய்யாத குற்றத்துக்கு எதற்குத் தலையாட்டினீர்கள், ஊரைக் கூட்டியாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா என்று காதோரமாகப் பொரிந்தேன். அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமச் செஞ்சேன்னா நம்ப மாட்டீங்கறா. வேணும்னு செஞ்சேன்னு நெனச்சுக்கிட்டு மன்னிச்சுப்போட்டா. எனக்குக் கெடச்சது அது ஒண்ணுதான், அம்மணி. அதையும் வேண்டாம்னு சொல்லச் சொல்றியா?"

எனக்கு எப்போதும் வாய் நிறையப் பதில் இருக்கும். அன்றைக்கு அழுகைதான் வந்தது. சிங்காநல்லூர் வரும் வரைக்கும் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், நாலு பேர் பார்க்க நான் அவர் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.